வேலை நடந்தால் போதுமா?

“எதுக்கு ஆழமாப் புரிஞ்சுக்கணும்? வேலை நடந்தா போதாதா?” இதை நடைமுறை ஞானம் என்று சொல்லித் திரிகிறவர்கள் பெருகிவிட்டார்கள். எனக்கு இது கடன் வாங்கிய விடையாகத்தான் தெரிகிறது. கேள்வி மாறாதவரைதான் அது செல்லும்.

ஸ்கர்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, மாலுமிகளைக் கூட்டம்கூட்டமாகக் கொன்ற நோய். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஜோடிக்கு ஒரு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் லெமனும் தின்ற இருவர்தான் சட்டென்று தேறினார்கள். 1795இல் பிரிட்டிஷ் கடற்படை எல்லா மாலுமிகளுக்கும் லெமன் சாறு கொடுக்க முடிவெடுத்தது. நோய் ஏறக்குறைய ஒழிந்தது. ஏன் ஒழிந்ததென்று யாருக்கும் தெரியாது. வேலை நடந்தது.

புளிப்புதான் மருந்து என்று நம்பிக்கொண்டார்கள். அதனால் 1860களில் மத்தியதரைக் கடல் லெமனை விட்டுவிட்டு, தங்கள் காலனிகளான மேற்கிந்தியத் தீவுகளின் லைமுக்கு மாறினார்கள். நாம் எலுமிச்சை என்று வாங்குகிறோமே, அந்த வகைதான். புளிப்புக்குக் குறைவில்லை. ஆனால் வைட்டமின் சி குறைவு. பிழிந்து சேமித்த சாற்றில் அதுவும் போய்விடும். நீராவிக் கப்பல்கள் வந்து பயணங்கள் சுருங்கிவிட்டதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 1875இல் ஜார்ஜ் நேர்ஸ் தலைமையில் ஆர்க்டிக் போன குழுவை, சாறு கையிலிருந்தும், ஸ்கர்வி தாக்கியது. அப்புறம் நடந்ததுதான் கொடுமை. சாறே வீண், கெட்டுப்போன இறைச்சிதான் காரணம் என்று மருத்துவர்கள் பேச ஆரம்பித்தார்கள். கையில் இருந்த மருந்தையே தொலைத்தார்கள். வைட்டமின் சி இன்னதென்று தெரிந்தது 1932இல்.

“அப்போ காரணம் புரியுறவரை மாலுமிங்க சாகணுமா?” என்று கேட்பீர்கள். வேண்டாம். லிண்ட் கண்டதைக் கொடுத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் காரணம் தெரியாதவனுக்குப் பழத்தை மாற்றும் உரிமை கிடையாது. மாற்றினால் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். அவர்கள் தெரியாததைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டு மாற்றினார்கள்.

நம் இலக்கியச் சூழலிலும் இந்தப் பழ மாற்றம் தினம் நடக்கிறது. தெரிதாவைப் பற்றிப் பத்து நிமிஷ வீடியோ பார்த்துவிட்டு, கையில் கிடைக்கிற நாவலையெல்லாம் ‘கட்டுடைக்கிற’ விமர்சனங்களைப் படிக்கிறேன். சொல்லின் புளிப்பு அப்படியே இருக்கிறது. நாவலைப் பற்றி ஒரு வரிகூடப் புதிதாகத் தெரியவருவதில்லை. அடுத்தது என்ன? “கோட்பாடே சும்மாங்க” என்று அதே ஆட்கள் எழுதுகிறார்கள்.

கோட்பாடு பொய்யா, நீங்கள் வைத்திருந்தது வெறும் புளிப்பா? அதை முதலில் சொல்லுங்கள்.