கடிதம் வந்தது, கண்டவர் இல்லை



கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம் பகுதிகளிலிருந்து மலேயாவுக்குப் பிழைக்கச் சென்ற நம் முன்னோர் பலருக்கு, ஊர்க்கடிதம் ஏதேனும் ஒரு கடையின் மேற்பார்வைக்கே எழுதப்பெறும். கடை கைமாறினால் கடிதமும் வழிதவறும். அத்தொல்லை இந்நாளிலும் வேறு உருவில் இருக்கக் கண்டேன்.

எங்கள் மதரஸாவுக்குச் சொந்த இணையப் பெயரில் மின்னஞ்சல் உண்டு. 2005 முதல் ‘இன்’ என முடியும் பெயர்கள் எல்லார்க்கும் தாராளமாகக் கிடைக்கின்றன அல்லவா? அவற்றுள் ஒன்று. கட்டணம் கூடியதால், அஞ்சலைப் பராமரிக்கும் நிறுவனத்தை அண்மையில் மாற்றினோம். முகவரி மாறவில்லை, ஆதலின் வேலை முடிந்ததென்று இருந்துவிட்டோம். எட்டு நாள் ஒரு கடிதமும் இல்லை. தேர்வு நேரம், பெற்றோர் எழுதாதிருக்கிறார்கள் என்று நானே காரணமும் கற்பித்துக்கொண்டேன். ஒன்பதாம் நாள் கோலாலம்பூரிலிருந்து ஒரு மாணவனின் தந்தை தொலைபேசியில் வந்தார். “இங்கே கல்லூரியில் சேர்க்கப் படிப்புச் சான்று கேட்டு மூன்று முறை எழுதினேனே, ஹஜ்ரத்! கடைசி நாளும் போய்விட்டதே!” என்றார். எனக்கு வாய் எழவில்லை.

கடிதங்கள் தவறவில்லை, புதிய சர்வரில் பத்திரமாக இருந்தன. ஆசிரியர் எழுவரின் கைபேசிகளோ பழைய நிறுவனத்தின் கதவையே தட்டிக்கொண்டிருந்தன. பழைய கணக்கு மாத முடிவுவரை திறந்திருந்தமையால் பிழைச் செய்திகூடத் தோன்றவில்லை.

கைபேசியின் மின்னஞ்சல் செட்டிங்ஸில், வரும் அஞ்சலுக்கும் செல்லும் அஞ்சலுக்கும் சர்வர் பெயர் எழுத இரண்டு இடங்கள் உண்டு. அங்கே நிறுவனத்தின் பெயரை எழுதியதே எங்கள் பிழை. ‘மெயில்’ என்னும் சொல், ஒரு புள்ளி, அதன்பின் நம் சொந்தப் பெயர் என்று எழுதி, அது எந்தச் சர்வரைச் சுட்டும் என்பதை நம் டி.என்.எஸ். பதிவில் காட்டிவிடலாம். பெயரை எண்ணாக்கித் தரும் இம்முறையை 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்தார். இயந்திரம் மாறினும் பெயர் மாற வேண்டுவதில்லை என்பது இதன் பெரும்பயன். நிறுவனம் மாறுகையில் அந்த ஒரு பதிவைத் திருத்தினால், சில மணி நேரத்தில் எல்லாக் கைபேசிகளும் புதிய இடத்தை நாடும். கடவுச்சொல்லைப் பழையபடி வைப்பதும், பழைய கடிதங்களைப் பெயர்த்துக் கொண்டுபோவதும் தனி வேலை.

ஆனால் ஒன்று. கைபேசி, தான் தேடிவந்த பெயருக்குரிய சான்றிதழைச் சர்வரிடம் கேட்கும். நிறுவனத்தின் பெயருக்கு மட்டுமே சான்றிதழ் இருப்பின் எச்சரிக்கை காட்டும். ‘பரவாயில்லை’ என்று அமுக்கிவிடும் பழக்கம் நம்மவரிடம் மிகுதி, என்னிடமும் இருந்தது. அப்படி அமுக்குவோர், இடையில் நிற்கும் கள்வனையும் அவ்வாறே ஏற்றுக்கொண்டு கடவுச்சொல்லை அவன் கையில் கொடுத்துவிடக்கூடும். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2015 முதல் சான்றிதழை இலவசமாகவே வழங்குகிறது. நம் பெயருக்கும் ஒன்று பெற்றுப் பொருத்தும்படி நிறுவனத்தாரைக் கேளுங்கள். இயலாதென்றால், கூச்சமின்றி அவர்கள் சர்வரின் பெயரையே எழுதுங்கள். கூகுள் வழியே அஞ்சல் பெறுவோர்க்கு இத்தெரிவு இல்லை, அங்கே ‘ஐமேப்.ஜிமெயில்.காம்’ என்றே எழுதவேண்டும்.

எங்கள் ஏழு கைபேசிகளில் ஆறில் மாற்றியாயிற்று. ஏழாவதற்குரிய மூத்த ஆசிரியர் உம்ராவுக்குச் சென்றிருக்கிறார். அவர் திரும்பி வந்து தம் பழைய கடிதங்களைப் பெயர்த்துக்கொள்ளும்வரை, பழைய கணக்கை மூடாமல் ஒரு மாதக் கட்டணம் கூடுதலாகக் கட்டியிருக்கிறோம்.