தானம் வந்த ஓவியம்: பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?

ஏதாவது ஒரு முதியோர் இல்லத்துக்கோ குழந்தைகள் காப்பகத்துக்கோ போயிருந்தால் இதைக் கவனித்திருப்பீர்கள். மின்விசிறியின் இறக்கையில் 'உபயம்' என்று ஒரு பெயர். டியூப்லைட்டில், வெளிச்சத்தையே மறைக்கும் அளவுக்கு இன்னொரு பெயர். பெஞ்ச், பீரோ, வாட்டர் ஃபில்டர் என்று எல்லாவற்றுக்கும் ஓர் உபயதாரர் உண்டு. ஆனால் சுவரில்? நிறுவனர் படம், சாமி காலண்டர், எப்போதோ நின்றுபோன ஒரு கடிகாரம். அவ்வளவுதான்.

அந்தச் சுவருக்கு ஒருவர் ஓவியம் தருகிறேன் என்று வந்தால், நிர்வாகியின் மனதில் ஓடும் முதல் கேள்வி நமக்கும் தெரியும்: "இதுக்குப் பதிலா நாலு மூட்டை அரிசி கொடுத்திருக்கலாமே?"

நியாயமான கேள்விதான். ஓவியத்தை வாங்கிக்கொள்ளலாம் என்பதே நம் பதில். ஆனால் 'சும்மா வந்துச்சு, மாட்டி வைப்போம்' என்று வாங்கக் கூடாது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். ஓவிய விஷயத்தில் பல்லைப் பார்த்தே ஆக வேண்டும். ஏன் என்பதற்கு நான்கு நாடுகளிலிருந்து சில உதாரணங்கள்.

ஓவியம் சோறு போடுமா?

ஒருமுறை போட்டிருக்கிறது. 18-ம் நூற்றாண்டு லண்டனில், வளர்க்க வழியில்லாமல் கைவிடப்பட்ட குழந்தைகள் தெருவில் இறந்துகொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துப் பொறுக்காத தாமஸ் கோரம் என்ற கப்பல் கேப்டன் பல ஆண்டுகள் அலைந்து, 1739-ல் அரச அனுமதி வாங்கி 'ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடல்' என்ற காப்பகத்தைத் தொடங்கினார். பெயரில்தான் ஹாஸ்பிடல். உண்மையில் அது குழந்தைகள் இல்லம்.

அதன் முதல் நிர்வாகக் குழுவில் வில்லியம் ஹோகார்த் என்ற ஓவியரும் இருந்தார். 1740-ல் கோரமின் உருவப்படத்தை வரைந்து இல்லத்துக்கே கொடுத்துவிட்டார். பிறகு சக ஓவியர்களையும் அழைத்தார். கெய்ன்ஸ்பரோ, ரெனால்ட்ஸ், ராம்சே என்று பின்னாளில் பெரிய பெயர்களான பலரின் படங்கள் தானமாக வந்து சேர்ந்தன.

அன்றைய லண்டனில் ஓவியர்கள் தங்கள் படைப்புகளைப் பொதுமக்களுக்குக் காட்ட நிரந்தரமான இடம் எதுவும் கிடையாது. படம் பார்க்க வசதியானவர்கள் இல்லத்துக்கு வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் குழந்தைகளையும் பார்த்தார்கள், பர்ஸையும் திறந்தார்கள். 1750 முதல் இசைமேதை ஹேண்டல் தன் 'மெசையா'வை அங்கே நிதிக்காக நிகழ்த்தினார். இல்லத்துக்குப் பணமும் பெயரும் கிடைத்தன, ஓவியர்களுக்குப் பார்வையாளர்கள் கிடைத்தார்கள். ஓவியர்கள் ஒன்று சேர்ந்து கண்காட்சி நடத்தலாம் என்ற யோசனை வலுப்பெற்று, 1768-ல் ராயல் அகாடமி உருவானதற்கு இந்த இல்லத்தின் சுவர்களும் ஒரு காரணம்.

அரிசி மூட்டை ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். அந்த ஓவியங்கள் பல ஆண்டுகள் ஆட்களைக் கூட்டி வந்தன.

சரி, படத்தை எங்கே மாட்டினார்கள்?

இங்கேதான் ஒரு சின்ன உறுத்தல். அந்த இல்லத்தின் முக்கியமான பெரிய ஓவியங்கள் தொங்கியது நிர்வாகக் குழு கூடும் அலங்கார அறையில். குழந்தைகள் தூங்கும் அறையில் அல்ல. தானத்தால் குழந்தைகளுக்குச் சோறு கிடைத்தது உண்மை. ஆனால் அந்தப் படங்கள் அவர்கள் கண்ணுக்காக வந்தவை அல்ல.

கிட்டத்தட்ட 300 ஆண்டுகள் ஆகியும் இந்தப் பழக்கம் மாறவில்லை. நல்ல தஞ்சாவூர் ஓவியம் ஒன்று தானமாக வந்தால் அது எங்கே போகும்? டைரக்டர் ரூமுக்கு. வாரத்தில் பாதி நாள் பூட்டியிருக்கும் ஏசி அறைக்கு. படுக்கையிலிருந்து எழ முடியாத பாட்டி பார்ப்பது என்னவோ அதே வெள்ளைச் சுவரைத்தான்.

பார்ப்பவருக்கு அப்படி என்ன கிடைத்துவிடும்?

இதற்கு அடிக்கடி காட்டப்படும் ஆய்வு ஒன்று உண்டு. 1984-ல் ரோஜர் உல்ரிக் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை அவர் ஒப்பிட்டார். பாதிப் பேரின் ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. மீதிப் பேருக்குத் தெரிந்தது வெறும் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அது ஜன்னலைப் பற்றிய ஆய்வு, ஓவியத்தைப் பற்றியது அல்ல. 46 பேர் என்பதும் சின்ன எண்ணிக்கைதான். 'படம் மாட்டினால் நோய் குணமாகும்' என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால் நம்பிவிடாதீர்கள். படுத்திருப்பவர் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதும் பராமரிப்பின் ஒரு பகுதி என்று யோசிக்க வைத்ததுதான் இந்த ஆய்வின் பலன்.

இதே உல்ரிக் ஸ்வீடனில் ஒரு மனநல மருத்துவமனையையும் கவனித்து எழுதியிருக்கிறார். அங்கே சுவரில் இருந்த சில ஓவியங்களை நோயாளிகளே தாக்கிச் சேதப்படுத்தியிருந்தார்கள். அப்படித் தாக்கப்பட்டவை உருவம் புரியாத அரூப ஓவியங்கள். கேலரியில் ரசிக்கப்படும் ஒரு படம், பயத்தில் இருக்கும் ஒருவரை மிரட்டவும் செய்யலாம். அரூப ஓவியம் மோசம் என்று அர்த்தமில்லை. இடம் பார்த்து, ஆள் பார்த்துத் தேர்வு செய்யவில்லை என்பதுதான் தப்பு.

பிரிட்டனில் 'பெயின்டிங்ஸ் இன் ஹாஸ்பிடல்ஸ்' என்ற அறக்கட்டளை இதை வேறு மாதிரி செய்கிறது. லண்டனில் மருத்துவமனைச் சமூகப் பணியாளராக இருந்த ஷெரிடன் ரஸ்ஸல் 1959-ல் தொடங்கியது. ஓவியங்களை ஒரே இடத்தில் கொட்டிவிட்டுப் போகாமல், மருத்துவமனைகளுக்கும் பராமரிப்பு இல்லங்களுக்கும் இரவல் கொடுக்கிறது. நூலகப் புத்தகம் மாதிரி. பிடிக்கவில்லையா, மாற்றிக்கொள்ளலாம்.

திடீரென்று விலை ஏறிவிட்டால்?

நியூயார்க்கில் 'கிரேஸ் ஹவுஸ்' என்று ஓர் இளைஞர் மையம் இருந்தது. ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்துக்குச் சொந்தமான கட்டடம். 1980-களின் முற்பகுதியில் கீத் ஹாரிங் அங்கே வந்து, காசு வாங்காமல், மாடிப்படிச் சுவரில் மூன்று தளங்களுக்கும் துள்ளும் உருவங்களை வரைந்து கொடுத்தார். படியேறி இறங்கும் பசங்களுக்கான பரிசு அது.

ஹாரிங் 1990-ல் இறந்தார். அவர் படைப்புகளின் விலை எங்கோ போய்விட்டது. செலவைச் சமாளிக்கப் பணம் தேவை என்று தேவாலயம் முடிவெடுத்தது. கட்டடத்தில் வசித்தவர்கள் எதிர்த்தும் பயனில்லை. சுவரை அறுத்து எடுத்தார்கள். 2019 நவம்பரில் போன்ஹாம்ஸ் ஏலத்தில் அது 38.6 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 28 கோடி ரூபாய்.

தேவாலயம் செய்தது தப்பா? சட்டப்படி சுவர் அவர்களுடையது. அந்தப் பணத்தால் நல்ல காரியங்களும் நடக்கலாம். ஆனால் கொடுத்தவர் உயிரோடு இல்லை. யாருக்காக வரைந்தாரோ அவர்களுக்கு முடிவில் பங்கில்லை. 'விற்கலாமா, விற்றால் பணம் எதற்குப் போக வேண்டும்' என்று அன்றே ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தால், இந்தச் சண்டையில் பாதி இருந்திருக்காது.

நம் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் வரி. 80ஜி என்று நாம் பழகிய நன்கொடைச் சலுகை பணத்துக்கு மட்டும்தான். பொருளாகக் கொடுத்தால் கிடையாது. ஓர் ஓவியர் இரண்டு லட்சம் ரூபாய் பெறும் படத்தை இல்லத்துக்குக் கொடுத்தால், வரிக்கணக்கில் அதற்கு மதிப்பு பூஜ்யம். அமெரிக்காவிலும் கொடுப்பவர் ஓவியரே என்றால் கான்வாஸ், பெயிண்ட் வாங்கிய செலவை மட்டும்தான் கழிக்க முடியும். அதே படத்தை வாங்கி வைத்திருந்த சேகரிப்பாளர் கொடுத்தால் சந்தை மதிப்பு வரை கழிக்க வழி உண்டு. வரைந்தவரின் உழைப்புக்குத்தான் இரண்டு இடத்திலும் கணக்கில்லை! அதனால் 'ஃப்ரீயா ஒண்ணு வரைஞ்சு கொடுங்க, உங்களுக்கும் விளம்பரம்தானே' என்று கேட்கும் முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

அடுத்தது உரிமை. படத்தைக் கொடுத்தால் காப்புரிமையும் சேர்ந்து போய்விடாது. எழுத்துபூர்வமாக மாற்றிக் கொடுக்காத வரை அது பொதுவாக ஓவியரிடமே இருக்கும். அந்தப் படத்தை வாழ்த்து அட்டையாக அச்சடித்து நிதி திரட்ட ஆசைப்பட்டால் தனியாக அனுமதி வாங்க வேண்டும்.

மூன்றாவது, பராமரிப்பு. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்காகச் செய்த பிரமாண்ட வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-ல் அவரைக் கேட்காமலேயே அகற்றிக் கிடங்கில் போட்டார்கள். அது தானம் அல்ல, அரசே கேட்டு வாங்கியது. இருந்தும் 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம், படைப்பைச் சிதைக்க உரிமையாளருக்கு உரிமை இல்லை என்று சொல்லி, மிச்சத்தைச் சிற்பியிடம் ஒப்படைக்கவும் ரூ.5 லட்சம் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. பணம் கொடுத்து வாங்கியதற்கே இந்தக் கதி என்றால், சும்மா வந்த படத்தை மாடிப்படிக்கு அடியில் போட எவ்வளவு நேரமாகும்?

அப்படியானால் என்ன செய்யலாம்?

வாங்கும் இல்லம் நான்கு கேள்விகளைக் கேட்டால் போதும். இதை யார் தினமும் பார்க்கப் போகிறார்கள், அவர்களிடம் கேட்டோமா? எங்கே மாட்டப் போகிறோம்? ஈரம், வெயில், கரையான் இதிலிருந்து யார் காப்பாற்றுவது? ஒருநாள் வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுப்பதா, விற்பதா? பதில்களை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, சொத்துப் பதிவேட்டில் பீரோ, ஃபேனோடு ஓவியத்துக்கும் ஒரு வரி சேர்க்க வேண்டும். பிடிக்காத படத்தை 'வேண்டாங்க' என்று மரியாதையாக மறுக்கும் உரிமையும் இல்லத்துக்கு உண்டு.

கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீடு மாறும்போது மிஞ்சிய படத்தைத் தள்ளிவிடும் இடம் அல்ல காப்பகம். உங்கள் ஆபீஸ் சிஎஸ்ஆர் நாளில் சுவருக்கு வண்ணம் அடிக்கப் போகிறீர்களா? கார்ட்டூனையும் கம்பெனி லோகோவையும் முடிவு செய்வதற்கு முன்பு அங்கே இருக்கும் பிள்ளைகளிடம் "என்ன வரையலாம்?" என்று கேளுங்கள். முடிந்தால் பிரஷ்ஷை அவர்கள் கையில் கொடுங்கள். படத்தோடு அடுத்த சில ஆண்டுகளுக்கான பராமரிப்புச் செலவையும் சேர்த்துக் கொடுப்பது இன்னும் நல்லது.

அரசும் யோசிக்கலாம். தகுதியான மதிப்பீட்டாளர் விலை சான்றளித்தால், ஓவியர்கள் சேவை இல்லங்களுக்குக் கொடுக்கும் படைப்புக்கும் ஏன் ஒரு வரிச் சலுகை இருக்கக் கூடாது?

அரிசி அவசியம். அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஓர் இல்லத்தில் பத்து வருஷம் இருக்கப் போகிறவருக்கு, பசி தீர்ந்த பிறகும் ஒரு நாளில் பல மணி நேரம் மிச்சம் இருக்கிறது. அந்த நேரம் முழுக்க அவர் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பதையும் யாராவது யோசிக்க வேண்டும்தானே? அடுத்த முறை ஓர் இல்லத்துக்குப் போனால் ஒரு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரை ஐந்து நிமிடம் பாருங்கள். என்ன கொடுக்கலாம் என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.