கேள்விக்கு மருந்து கிடையாது!

"டாக்டர், எனக்கு ரத்த சோகைக்கு மருந்து குடுத்தீங்க, சரி. இவனுக்கும் ஏதாவது குடுங்களேன். காலையில எழுந்ததிலேருந்து ராத்திரி தூங்கற வரைக்கும் தொணதொணன்னு கேள்வி கேட்டே உயிரை வாங்கறான்!"

பையனுக்கு 8 வயது இருக்கும். அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, என் மேசை மேலிருந்த அயச்செந்தூரப் பொட்டலத்தையே உற்றுப் பார்த்தான். "டாக்டர் அங்கிள், இது ஏன் செவப்பா இருக்கு?" என்றான்.

வெளியே பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். "அது அப்படித்தாண்டா இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போதுதான் சுருக்கென்றது. நான் மருத்துவம் படித்த நாளில் இதே மாதிரிக் கேள்விகளைக் கேட்டிருக்கிறேன். "நூல்ல அப்படித்தான் சொல்லியிருக்கு, எழுதிக்கோ" என்பார்கள். அப்போது வந்த எரிச்சல் இன்னும் மறக்கவில்லை. அதே பதிலை, 30 வருஷம் கழித்து, ஒரு சின்னப் பையனுக்கு நானே கொடுத்திருக்கிறேன்!

அவன் கேள்விக்கு விடை ஒன்றும் பெரிய ரகசியமில்லை. செந்தூரத்தின் சிவப்பு, இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்ததால் வந்த சிவப்பு. உங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் பிடிக்கிற துருவுக்கும் அதற்கும் உறவு உண்டு. இதைச் சொல்ல எனக்கு அரை நிமிஷம் கூட ஆகியிருக்காது.

ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்த அரை நிமிஷப் பதிலும் சரியில்லை என்றே தோன்றியது. ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு பிள்ளையின் கேள்வியை இரண்டு வகையில் கொன்றுவிடலாம். ஒன்று, "சும்மா இருடா" என்று அதட்டுவது. இது பழைய வழி. இன்னொன்று, கேட்ட மறுகணமே செல்போனைத் தட்டி, வந்த நாலு வரியைப் படித்துக் காட்டிவிடுவது. இது புது வழி. அதட்டல் வாங்கின பிள்ளையாவது வேறு யாரிடமாவது போய்க் கேட்கும். போன் பதில் வாங்கின பிள்ளை "ஓ, சரி" என்று எழுந்து போய்விடும். கஷாயத்தை எட்டுக்கு ஒன்றாக வற்ற வைத்து இறக்கச் சொல்வோம், இல்லையா? கேள்வியும் அடுப்பில் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே!

15 நாள் கழித்து அந்த அம்மா மறுபடி வந்தபோது, பையனுக்காக மூன்று கண்ணாடி பாட்டில்களைத் தயாராக வைத்திருந்தேன். மூன்றிலும் சாதாரண இரும்பு ஆணி. (பளபளவென்று பூச்சுப் போட்ட ஆணி உதவாது.) முதல் பாட்டிலில் தண்ணீரே இல்லை, புது ஷூ டப்பாவில் ஈரத்தை உறிஞ்சுவதற்காக ஒரு சின்னப் பொட்டலம் போட்டிருப்பார்களே, அதைப் போட்டு இறுக மூடியிருந்தேன். இரண்டாவதில் பாதித் தண்ணீர், மூடி கிடையாது. மூன்றாவதில் நன்றாகக் கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீரை ஆணி முழுகும்வரை ஊற்றி, மேலே ஒரு விரற்கடை நல்லெண்ணெய் விட்டிருந்தேன். "தம்பி, எது முதல்ல செவக்குதுன்னு பார்த்து வந்து சொல்லு. வேற எதுவும் நான் சொல்ல மாட்டேன்" என்றேன்.

நாலே நாளில் போன் வந்தது. "அங்கிள், ரெண்டாவதுதான்! மூணாவதுலயும் தண்ணி இருக்கே, அது மட்டும் ஏன் செவக்கலை?"

கவனித்தீர்களா? முதலில் கேட்டது "ஏன் சிவப்பு" என்ற கேள்வி. இப்போது கேட்பது அதைவிட நல்ல கேள்வி. கொதிக்க வைத்தபோது தண்ணீரில் கரைந்திருந்த காற்று போய்விட்டது, எண்ணெய் புதுக் காற்றை உள்ளே விடவில்லை. தண்ணீர், காற்று இரண்டும் சேர்ந்தால்தான் துரு. இதை அவனே இரண்டு நாள் மண்டையைக் குடைந்து கண்டுபிடித்தான். அம்மா கொஞ்சம் துப்புக் கொடுத்தார்களாம்.

அடுத்த தடவை வந்தவன் என்னையே மடக்கினான். "அப்ப ஆணித் துருவைத் தேய்ச்சு அம்மாவுக்குக் குடுத்தா போதாதா? எதுக்கு உங்ககிட்ட காசு குடுத்து வாங்கணும்?"

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கோ சந்தோஷம்! இரும்பைச் சுத்தி செய்வது, மூலிகைச் சாறு விட்டு அரைப்பது, புடம் போடுவது, பொடி எவ்வளவு நைசாகிறது என்பதெல்லாம் சொன்னேன். விடவில்லை. "அது உடம்புக்குள்ள போய் வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும்?" என்றான். "அதுக்குத்தாண்டா மருந்துக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை அம்மாவுக்கு ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லியிருக்கேன். ஏறலைன்னா என் மருந்து வேலை செய்யலைன்னுதான் அர்த்தம்" என்றேன். எங்கள் வைத்தியத்தைப் பார்த்து "எப்படித் தெரியும்?" என்று கேட்டால் கோபப்படும் வைத்தியர்கள் உண்டு. கோபப்பட நியாயமில்லை என்பது என் கட்சி. நாளைக்கு எவனாவது போலி லேகியம் விற்கும்போது இந்தப் பையன்தான் அவன் வீட்டைக் காப்பாற்றுவான்.

(ஒரு எச்சரிக்கை. துரு மருந்து அல்ல. வீட்டிலுள்ள இரும்புச் சத்து மாத்திரை, செந்தூரம் எதுவும் குழந்தை கைக்கு எட்டக் கூடாது. சின்னக் குழந்தைகள் இரும்புச் சத்து மாத்திரைகளை அள்ளி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.)

இப்போது பொம்மைக் கடைக்கு வருவோம். பிறந்த நாளுக்கு "சயின்ஸ் கிட்" வாங்கித் தருவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. பெட்டி பெரிசு, விலையும் பெரிசு. உள்ளே ஒரு புத்தகம். அதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டபடியே செய்ய வேண்டும். கடைசிப் படி முடிந்ததும் பெட்டி பரணுக்குப் போய்விடும். பிள்ளை தானாக யோசிக்க அதில் ஒன்றும் மிச்சமில்லையே! அதைவிட, ஸ்டேஷனரி கடையில் ஒரு நல்ல பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றின வட்டக் காந்தம் ஒன்று கொடுங்கள். அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கடற்கரை மணலில் இழுத்தால், கறுப்பு கறுப்பாகத் துகள் வந்து ஒட்டும். மணலுக்குள் இரும்பு எப்படி வந்தது என்று பிள்ளை கேட்கும். அப்பா யோசிக்கட்டும்!

கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா என்பவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1970-களின் கடைசியில் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளுக்குப் போனவர், சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் வைத்தே முக்கோணம், சதுரம், கூம்பு எல்லாம் செய்ய வைத்தார். முக்கோணத்தை அழுத்தினால் அசையாது, சதுரம் சாய்ந்துவிடும். பாலத்துக்கும் மின்சாரக் கோபுரத்துக்கும் ஏன் முக்கோணம் முக்கோணமாகக் கம்பி வைக்கிறார்கள் என்பது பிள்ளையின் விரலுக்கே தெரிந்துவிடுகிறது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

சமையலறையை மறந்துவிட்டேனே! ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம். எலுமிச்சை விட்டால் ஊதா. பெண் பிள்ளையைச் சமையலறைக்குக் கூப்பிட்டு வெங்காயம் உரிக்கச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாமல் இதையும் செய்யச் சொல்லுங்கள். பையனையும்தான்.

பொம்மை விஷயத்தில் ஒரு வைத்தியனாக நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. விளக்கு எரிகிற, பாட்டுப் பாடுகிற பொம்மைகளில் காசு மாதிரி வட்டமான பட்டன் பேட்டரி இருக்கும். அதன் மூடி ஸ்குரூ போட்டு மூடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குழந்தை அதை விழுங்கி, அது உணவுக் குழாயில் சிக்கிக்கொண்டால் 2 மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துப் புண்ணாக்கிவிடும். வாழைப்பழத்தை விழுங்கச் சொல்வது, சோற்று உருண்டை கொடுப்பது, விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது... எதுவும் கூடாது. என்னைப் போன்றவர்களிடமும் வராதீர்கள்! எக்ஸ்ரேயும் எண்டாஸ்கோப்பியும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்கள். குட்டிக் குட்டிக் காந்த உருண்டைகளும் அப்படியே. இரண்டை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்பையும் நடுவில் பிடித்துக்கொண்டு ஓட்டை போட்டுவிடும். அதனால்தான் மேலே ஸ்பீக்கர் காந்தம் என்றேன்.

படிக்க என்ன கொடுப்பது? நான் பள்ளியில் படித்த காலத்தில் ரஷ்யப் புத்தகக் கண்காட்சி வந்தால் எங்களுக்குத் திருவிழா. பெரல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்' தமிழிலேயே சல்லிசான விலைக்குக் கிடைத்தது. 1991-ல் சோவியத் உடைந்ததோடு அந்த வரத்து நின்றுபோனது பெரிய நஷ்டம்தான். பெ. தூரனை ஆசிரியராகக் கொண்டு 1968 முதல் 1976 வரை 10 தொகுதிகளாக வந்த 'குழந்தைகள் கலைக்களஞ்சியம்' உங்கள் ஊர் நூலகத்தில் இருந்தால் பிள்ளையைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். சில செய்திகள் பழசாகியிருக்கும். எது பழசு என்று கண்டுபிடிப்பதே ஒரு நல்ல விளையாட்டு. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-ல் ஆரம்பித்த 'துளிர்' மாத இதழும் உண்டு. இங்கிலீஷில் இருந்தால்தான் விஞ்ஞானம் என்று நினைக்கும் பெற்றோர்கள் அதைப் புரட்டியாவது பார்க்கலாம்.

வெளியே கூட்டிப்போவது பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல ஆசை. முதலில் கண்ணுக்காக. சீனாவின் குவாங்சௌ நகரப் பள்ளிகளில், தினமும் கூடுதலாக 40 நிமிஷம் முதல் வகுப்புப் பிள்ளைகளை வெயில் வெளிச்சத்தில் விட்டுப் பார்த்தார்கள். 3 வருஷம் கழித்துப் பார்த்தபோது வழக்கம்போல் இருந்த பிள்ளைகளில் 39.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே போனவர்களில் 30.4 சதவீதம். 2015-ல் வந்த ஆய்வு இது. கண்ணாடிக் கடைக்குப் போகிற வழியில் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரைக்கு, பௌர்ணமி என்றால் வக்ரகாளியம்மனைத் தரிசிக்க எவ்வளவு கூட்டம் போகிறது! அதே ஊரில், கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் கல்மரப் பூங்கா இருப்பது அதில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஏறக்குறைய 2 கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. மண்ணுக்குள் புதைந்த மரத்தில் சிலிக்கா கரைந்த நீர் ஊறி ஊறி, கட்டையின் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கல் பிடித்துக்கொண்டது. வளையம், கணு எல்லாம் அப்படியே தெரியும்.

என்னிடம் மூட்டு வலிக்கு வரும் ஒரு பெரியவர், மின்வாரியத்தில் இருந்து ரிட்டையர் ஆனவர், கோயிலுக்குப் போன கையோடு பேத்தியை அங்கே கூட்டிப் போனார். அந்தப் பெண் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தாத்தா, எல்லாம் நடுமரமாவே இருக்கே, வேர் எங்க? கிளை எங்க?" என்று கேட்டதாம். அவருக்குத் தெரியவில்லை. "தெரியலையேம்மா" என்று ஒத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் யோசித்திருக்கிறார்கள். மழை வெள்ளத்தில் அடித்து வரப்படும் மரத்தைப் பார்த்தவர் அவர். வருகிற வழியில் வேரும் கிளையும் உடைந்து போய்த்தான் கரை சேரும் என்றார். அப்புறம் விசாரித்தால், புவியியல்காரர்கள் சொல்வதும் அதேதான்: மரங்கள் அங்கே வளர்ந்தவை அல்ல, ஆற்று வெள்ளம் கொண்டு வந்து போட்டவை! பெரியவர் இதை என்னிடம் சொன்னபோது மூட்டு வலியைப் பற்றிப் பேசவே மறந்துவிட்டார். (அங்கிருந்து ஒரு துண்டுக் கல்லைக் கூட எடுத்து வரக் கூடாது. பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.)

போய் வந்ததும் "என்ன பார்த்தே? பத்து வரி எழுது" என்று மட்டும் உட்கார வைத்துவிடாதீர்கள். அடுத்த தடவை கூப்பிட்டால் வராது!

சலீம் அலியின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1908 வாக்கில் பம்பாயில், விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டுவிட்டான் அந்தப் பையன். கழுத்தில் மஞ்சள் திட்டு. இது என்ன குருவி என்று மாமாவைக் கேட்டான். அவருக்குத் தெரியவில்லை. ஆனால் அதட்டவில்லை, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் அனுப்பி வைத்தார். அவர் "மஞ்சள் கழுத்துக் குருவி" என்று பெயரைச் சொல்லிக் கையைக் கழுவியிருக்கலாம். சொல்லிவிட்டு, கழகத்தில் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் காட்டினார். படிக்கப் புத்தகமும் கொடுத்தார். ஒரு பொம்மை, ஒரு வெளிப் பயணம், சில புத்தகங்கள். கூடவே, "எனக்குத் தெரியாது" என்று சொல்லக் கூச்சப்படாத ஒரு மாமா.

நம் பையன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் அம்மாவுக்கு இப்போது ஹீமோகுளோபின் ஏறியிருக்கிறது. ரிப்போர்ட்டை அவன்தான் வாங்கிப் பார்த்தான். மூன்றாவது பாட்டிலை என் மேசை மேலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஆறு மாதமாகிறது. போன வாரம் ஆணியின் தலையில் லேசாக ஒரு பழுப்புக் கோடு தெரிகிறது. எண்ணெய் அப்படியேதான் இருக்கிறது. சனிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறான். நான் இன்னும் விடை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.