கழிவறை கழுவியது யாருக்குச் சிரிப்பு?

'தி பிக் பேங் தியரி' தொடரில் ராஜ் கூத்ரப்பாலியாக வந்து உலகத்தைச் சிரிக்க வைத்த குணால் நய்யார், 2015ல் தன் கதையை எழுதினார். 'யெஸ், மை ஆக்சென்ட் இஸ் ரியல்' என்று புத்தகத்துக்குப் பெயர். டெல்லியில் வளர்ந்தது, பேட்மின்டன், முதல் முத்தம், அமெரிக்காவின் போர்ட்லேண்ட் பல்கலைக்கழகத்தில் படித்தது என்று கலகலப்பாகப் போகும். ஏற்காட்டில் பிள்ளைகளோடு வேலை செய்யும் நமக்கு அதில் ஒரு இடம் உறுத்துகிறது.

அவருடைய முதல் வேலை, பல்கலைக்கழகத்தின் ஹவுஸ்கீப்பிங் பிரிவில் குறைந்தபட்சக் கூலிக்குக் கழிவறை கழுவுவது. உழைத்துப் படித்தவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது ஏன் வேடிக்கைக் கதையாகிறது? அந்த வாளி அவர் பிறப்பைக் கேட்டுக் கைக்கு வந்ததல்ல. வேண்டாம் என்றால் கீழே வைத்துவிட்டுப் போகலாம். போனார்; டெம்பிள் பல்கலைக்கழகத்தில் நடிப்பு படித்தார்.

மே மாதம் கோடை விழா நேரத்தில் சேர்வராயன் மலைக்கு ஏறி வாருங்கள். லாட்ஜிலும் காட்டேஜிலும் கழிவறை கழுவுகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று விசாரியுங்கள். அம்மாவுக்கு என்ன வேலை என்று கல்லூரியில் கேட்டால், அந்தத் தெருப் பையனும் 'ஹவுஸ்கீப்பிங்' என்றுதான் சொல்கிறான். நய்யாருக்கு நகைச்சுவையான சொல், இவனுக்கு ஒளிந்துகொள்ளும் இடம்.

இப்படி ஒளிந்து வாழ்ந்ததை எழுதியவர் யாஷிகா தத். துப்புரவுத் தொழிலோடு கட்டிப்போடப்பட்ட சாதியில் ராஜஸ்தானில் பிறந்து, கொலம்பியாவில் இதழியல் படித்தவர். 2019ல் வந்த 'கமிங் அவுட் அஸ் தலித்' அவருடையது. அதுவும் இந்தியராக வளர்ந்து வெளிநாட்டில் படித்த கதைதான்!

சரி, நம் பையன் வெளிநாடு போய் இதையே ஆராயட்டும் என்றால்? மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை 1954-55 முதல் இருக்கிறது. 125 இடங்களில் 115 பட்டியல் சாதியினருக்கு. 2022ல் ஒரு விதி சேர்த்தார்கள்: இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுக்கு இந்தப் பணம் கிடையாது. பொறியியல் படிக்கலாம், தன் தெருவைப் படிக்கக் கூடாது. பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913ல் கொலம்பியா போன அம்பேத்கர், 1916ல் அங்கே வாசித்த கட்டுரையே இந்தியச் சாதிகளைப் பற்றியது. இந்த விதி அன்று இருந்திருந்தால்?

பணமாவது ஒழுங்காக வருகிறதா? 2025ல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் போனது. மற்றவர்களுக்கு, நிதி இருந்தால் பார்க்கலாம் என்று பதில்.

தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்துக்கும் சேர்த்து விண்ணப்பியுங்கள். 2022 விதியை நீக்கச் சொல்லி உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள். ஏற்காட்டுத் தோழர்கள் மறந்துபோய்ச் சேலத்துக்கு அனுப்பிவிட வேண்டாம். நமக்கு மக்களவைத் தொகுதி கள்ளக்குறிச்சி.