மொட்டைக்குக் காரணம்

அத்தைக்குத் திருவையாறு பக்கம் ஆறு மா நிலம். மார்பில் கட்டி தட்டுப்பட்டதும், ‘‘ஜூன் 12 மேட்டூர் தொறக்கட்டும், குறுவை நட்டுட்டுப் பாக்கலாம்’’ என்றார். நட்டபின், ‘‘அறுப்பு முடியட்டும்.’’ கட்டிக்கு ஏது ஸார் பட்டம்? அதுபாட்டுக்கு வளர்ந்தது.

கடைசியில் அடையாறு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த புதுக்கோட்டை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் 12 படுக்கைகளோடு ஆரம்பித்த ஆஸ்பத்திரி. இப்போது நெல் மாதிரி கட்டிக்கும் ரகம் பார்த்துத்தான் மருந்து. அத்தையின் ரகத்துக்குத் தினம் ஒரு மாத்திரை, ஐந்து வருஷம். முன்பே வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாமாம். மார்பையே எடுக்க வேண்டியதாயிற்று.

ஊசி மருந்தில் முடி முழுக்கக் கொட்டியது. ஊரில் கேட்டவர்களிடம், ‘‘சமயபுரத்துக்கு வேண்டுதல்’’ என்று சமாளித்தார்.

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண் வந்து கிசுகிசுத்தாள். ‘‘அக்கா, எனக்கும் மார்ல கட்டி. நானும் சமயபுரத்துக்கு நேர்ந்துக்கிட்டேன்.’’

அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘‘அடியே! எனக்கு மொட்டை போட்டது மாரியாத்தா இல்லடி, கேன்சர் மருந்து. நாளைக்கே கெளம்பு!’’

‘‘தாளடி நடவு கெடக்கே...’’

‘‘நடவுக்கு ஆள் வைக்கலாம். நீ போயிட்டா, உனக்கு யாரடி ஆள் வைக்கிறது?’’

மறுநாள் முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் ஏறினார்கள். அத்தை தலையில் முக்காடு இல்லை.