கூரை ஒன்று, கூடம் இரண்டு

போபால் போய்ப் பாரத் பவனைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றதும் இலக்கிய நண்பர் ஒருவர் கேட்டார்: "அங்கே பழங்குடி ஓவியங்களெல்லாம் நிறைய இருக்குமே, பார்த்தீர்களா?" நான் பார்த்தது ஜன்கர் சிங் ஷியாம் என்ற ஓவியரின் படங்களை. பூரி பாய் என்ற ஓவியரின் படங்களை. நண்பர் கேட்டது அவர்களைப் பற்றியல்ல. 'எல்லாம்' என்ற சொல்லில் அடங்கிவிடக்கூடிய ஏதோ ஒரு மொத்தச் சரக்கைப் பற்றி. ஹுசேனையோ ரஸாவையோ பற்றி விசாரிக்க நேர்ந்திருந்தால் "நகரவாசி ஓவியங்களெல்லாம்" என்று அவர் கேட்டிருக்கமாட்டார். இத்தனைக்கும் நண்பர் அசடரல்லர். ஒரு கவிதையை அதில் தேவையற்று நிற்கும் ஒரே ஒரு அடைமொழிக்காக ஒதுக்கிவிடுகிற கறார் ரசனை உடையவர். அந்தக் கறார் ரசனை ஷியாம்லா குன்றின் மேல் ஏறியதும் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்பதுதான் என் கேள்வி.

பாரத் பவன் 1982 பிப்ரவரி 13ஆம் தேதி இந்திரா காந்தியால் திறந்து வைக்கப்பட்டது. கட்டடம் சார்ல்ஸ் கொரியாவுடையது. போபாலின் மேல் ஏரியை நோக்கிச் சரிகிற குன்றில், சரிவோடு சரிவாகப் பதிந்து கிடக்கிறது. சாலையிலிருந்து பார்த்தால் கட்டடம் என்று சொல்ல அதிகம் ஒன்றும் தட்டுப்படாது. நாம் அதற்குள் நுழைவதில்லை, இறங்குகிறோம். படிகள், புல்வெளி மேடை, மீண்டும் படிகள், தரைக்குக் கீழே அமிழ்ந்த முற்றம், முற்றத்தைச் சுற்றிக் கூடங்கள். கூடங்களுக்குத் தலைக்கு மேலிருந்து வெளிச்சம் வருகிறது. ஒரு முற்றத்தில் நின்றால் அடுத்த முற்றம் இருப்பது தெரியாது. திரும்பினால் சட்டென்று ஏரி. கோபுரத்தை சிமெண்டில் வார்த்து வைத்து அதற்கு 'மரபு' என்று பெயர் சூட்டுகிற வழக்கமான அரசாங்கக் காரியம் இங்கே நடக்கவில்லை. கோயில் குளத்தின் படிக்கட்டில் இறங்குகிற அனுபவம் நம் கால்களில் எங்கோ இருக்கிறது. கொரியா அதைக் கால்களுக்கு மட்டும் நினைவூட்டிவிட்டு, கண்ணுக்கு எந்தப் பழைய அலங்காரத்தையும் காட்டாமல் விட்டிருக்கிறார். சுதந்திரத்துக்குப் பின் இந்நாட்டில் எழுந்த பொதுக் கட்டடங்களில் இவ்வளவு அடக்கமானவை அதிகமில்லை என்று நினைக்கிறேன்.

ஓவியம் சிற்பத்துக்கு ரூபங்கர், நாடகத்துக்கு ரங்கமண்டல், கவிதைக்கு வாகர்த், இசைக்கு அனஹத் என்று பிரிவுகள். ரங்கமண்டலை முதலில் நடத்தியவர் பி.வி. காரந்த். ரூபங்கரை உருவாக்கியவர் ஜெ. சுவாமிநாதன். (சிம்லாவில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. அதற்காகத் தமிழர் பெருமைப் பட்டியலில் அவரைச் சேர்த்துக்கொள்ள யாரும் கிளம்பிவிட வேண்டாம். அவர் இருந்த காலத்தில் அவருடைய ஒரு படத்தைப் பற்றிக்கூட யோசித்திராதவர்களுக்கு அந்த உரிமை கிடையாது.)

சுவாமிநாதன் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர், பத்திரிகையாளர், ஓவியர். 1963இல் டெல்லியில் 'குரூப் 1890' நடத்திய ஒரே கண்காட்சிக்குப் பின்னால் இருந்த மூளைகளில் ஒருவர். அக்கண்காட்சியின் கையேட்டுக்கு முன்னுரை எழுதியவர் ஆக்டேவியோ பாஸ். ஐரோப்பாவைப் பார்த்துக் காப்பியடிப்பது, இந்தியப் பழமையைப் பார்த்து உருகுவது, இரண்டுமே அடிமைத்தனம் என்று சண்டை போட்டவர்கள் அவர்கள். அந்தச் சண்டைக்காரர் பாரத் பவனுக்கு வந்தபோது ஒரு காரியம் செய்தார். கலை மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, அன்று சத்தீஸ்கரையும் உள்ளடக்கியிருந்த மத்தியப் பிரதேசத்தின் கிராமங்களுக்கு அனுப்பினார். அவர்கள் கொண்டுவந்தவற்றை மானுடவியல் காட்சிப்பொருளாக அல்லாமல் ஓவியமாக, சிற்பமாக ரூபங்கரில் வைத்தார். நகரத்து ஓவியர் வரைவதும் மலைக் கிராமத்தவர் வரைவதும் ஒரே காலத்தில், ஒரே மதிப்போடு நிகழ்கிறவை; ஒன்று மற்றதன் கடந்த காலம் அல்ல என்பது அவர் வாதம். சமகாலம் என்ற சொல்லை நகரத்தின் சட்டைப் பையிலிருந்து உருவியெடுத்துவிட்ட வாதம் இது. இந்தியக் கலை விமர்சனத்தில் இதற்கு நிகரான துணிச்சல் இன்னொன்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் வாதம் பாதியில் நின்றுவிட்டது. ரூபங்கருக்குப் போகிறவர் கண்ணாலேயே இதைப் பார்க்கலாம். கூரை ஒன்று, கூடம் இரண்டு. நகரத்துச் சமகால ஓவியர்களுக்கு ஒன்று, நாட்டார் மற்றும் பழங்குடிக் கலைக்கு ஒன்று. இதில் ஏறி அதில் இறங்குகிற பார்வையாளர் நடுவில் ஒரு கண்ணாடியைக் கழற்றி இன்னொன்றை மாட்டிக்கொள்கிறார். முதல் கூடத்தில் "இது தேறவில்லை" என்று உதட்டைப் பிதுக்குகிறவர், இரண்டாவது கூடத்தில் அனைத்தையும் சமமாக வியக்கிறார். எல்லாவற்றையும் வியப்பதென்றால் ஒன்றையுமே பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ஜன்கரின் விஷயத்தைச் சொல்கிறேன். பாடன்கர் கிராமத்தில் பிறந்தவர். கோண்டு மக்களின் பாணர்களான பர்தான் குலத்தவர். பர்தான்களின் பரம்பரைத் தொழில் 'பாணா' என்ற நரம்புக் கருவியை மீட்டிக் கடவுளர் கதைகளையும் குலக் கதைகளையும் பாடுவது. வீட்டுச் சுவரிலும் தரையிலும் கோலமும் மண் புடைப்பும் இடும் வழக்கம் உண்டு. ஆனால் காகிதத்தில் நிறுத்தப்பட்ட உருவமாகக் கடவுளை வரையும் ஓவிய மரபு அவர்களுக்குக் கிடையாது. ஜன்கர் ஊர்ச் சுவர்களில் வரைந்திருந்ததைச் சுவாமிநாதனின் மாணவர்கள் பார்த்தார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் போபாலுக்கு வந்தார். காகிதம், போஸ்டர் வண்ணம், பிறகு மைப்பேனா, அச்சுப் பதிவுக் கூடம். அதுவரை பாட்டில் மட்டுமே இருந்த தெய்வங்களுக்கு உடம்பு எப்படி இருக்கும் என்று அவர் முடிவு செய்ய வேண்டியிருந்தது. முடிவு செய்தார், தனி மனிதராக. இன்று உலகம் முழுவதும் 'கோண்டு ஓவியம்' என்று விற்பனையாவது அங்கே தொடங்கியதுதான். அதாவது, அது நம் புதுக்கவிதையைவிட வயதில் இளையது. 'எழுத்து' பத்திரிகை தொடங்கி இருபது வருஷங்களுக்குப் பிறகு பிறந்தது. நேற்று ஒரு விமான நிலையக் கடையில் அதே மானை, கொம்பு மரமாகக் கிளைத்த மானை, காபிக் குவளையில் அச்சடித்து 'தொன்மையான பழங்குடிக் கலை' என்று சீட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். நவீன ஓவியர் ஒருவரின் கண்டுபிடிப்பை அவர் கையிலிருந்து பிடுங்கி, ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய யாரோ பெயரில்லாதவர்களிடம் கொடுக்கும் திருட்டுக்குத் தொன்மை என்று பெயர்.

இதற்கு இரண்டு தரப்பு எதிரிகள். ஒரு தரப்பு மரபுத் தூய்மைவாதிகள். சுவரில் இருந்ததைக் காகிதத்துக்குக் கொண்டுவந்து, மண் நிறத்தைப் பிடுங்கிக் குப்பி வண்ணம் கொடுத்து, சடங்கிலிருந்து பெயர்த்து எடுத்து சுவாமிநாதன் கெடுத்துவிட்டார் என்பது அவர்கள் புலம்பல். ஒன்றை இவர்கள் யோசித்ததே இல்லை. போபாலில் இருந்த வருஷங்களில் சுவாமிநாதனின் சொந்த ஓவியமும் மாறியது. பறவையும் மலையும் தெளிந்த வண்ணப் பரப்பும் போய், மண் வண்ணமும் குறிகளும் விரல் தடங்களும் வந்தன. அதை எல்லோரும் ஓவியரின் வளர்ச்சி என்று எழுதினார்கள். அதே இடத்தில், அதே வருஷங்களில், அதே உறவினால் ஜன்கர் மாறினால் அது மரபின் சீரழிவு! மாறுகிற உரிமை நகரத்துக்காரனுக்கு மட்டும். மற்றவன் மாறாமல் இருந்து நம் ஏக்கத்துக்குக் காவல் காக்க வேண்டும்.

இரண்டாம் தரப்பு ஆதரவாளர்கள். இவர்கள் இன்னும் ஆபத்தானவர்கள். ஆதி உணர்வு, கள்ளமற்ற கண், இயற்கையோடு இயைந்த வாழ்வு என்று தொடங்குவார்கள். சுவாமிநாதனுக்கே இந்தச் சபலம் இருந்தது. சரித்திரம் என்ற சொல்லைக் கண்டால் அவருக்கு ஆகாது. காலத்துக்கு அப்பாற்பட்ட ஏதோ ஒன்றைத் தேடினார். கதவைத் திறந்தவர் அவர்தான். ஆனால் திறந்த கதவுக்குள் விமர்சனத்தை அவர் விடவில்லை. ஜன்கரின் இந்தப் படம் ஏன் நன்றாக இருக்கிறது, அந்தப் படம் ஏன் தோற்றது என்று கேட்க ஒரு மொழி உருவாகவேயில்லை. மதிப்பு சமம் என்று அறிவித்தாயிற்று, மதிப்பிட ஆளில்லை. அப்படிப்பட்ட சமத்துவம் தர்மச் சோறு.

பூரி பாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாபுவாப் பகுதி பீல் பெண். பாரத் பவன் கட்டப்படும்போது சித்தாளாகக் கல்லும் மண்ணும் சுமக்க வந்தவர். சுவாமிநாதன் அவரை உட்காரவைத்து வரையச் சொன்னார். கட்டடத்துக்குச் சுமந்தவரின் படம் பிறகு அதே கட்டடத்தில். 2021இல் பத்மஸ்ரீ. அருமையான கதை; மறுக்கவில்லை. ஆனால் பத்திரிகைகள் அந்தக் கதையைத்தான் திரும்பத் திரும்ப எழுதுகின்றன. அவர் புள்ளிகளைப் பற்றி, அந்தப் புள்ளிகள் உருவத்தின் விளிம்புக்கு என்ன செய்கின்றன என்பதைப் பற்றி ஒரு பத்தி? சித்தாள் ஓவியரான அதிசயத்தில் சித்தாள்தான் நினைவில் நிற்கிறாள்.

அரசாங்கப் பணத்தில் நடக்கும் ஸ்தாபனம் என்று ஏளனம் செய்கிறவர்களுக்கு அதிகம் பதில் சொல்லத் தேவையில்லை. உண்மைதான். சட்டம் போட்டுத் தன்னாட்சி அறக்கட்டளையாக அமைத்திருந்தும், 1990இல் மாநிலத்தில் ஆட்சி மாறியது, சுவாமிநாதனும் விலகினார். அவர் 1994இல் இறந்தார். அரசு தந்தது, அரசின் காற்றில் ஆடும். ஆனால் அதற்குப் பிறகு நடந்தவற்றை வெறும் அரசியலென்று தள்ளிவிட முடியாது.

1989இல் பாரீஸில் பாம்பிடு மையம் நடத்திய 'பூமியின் மாயாவிகள்' கண்காட்சியில் ஜன்கரின் படங்களும் இருந்தன. மாயாவிகள்! கலைஞர் என்ற சொல்லுக்கு அங்கேயும் வாய் வரவில்லை. மத்தியப் பிரதேசச் சட்டமன்றக் கட்டடம், அதுவும் கொரியாவுடையது, ஜன்கரின் சுவரோவியங்களைத் தாங்கி நிற்கிறது. 2001இல் ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்தில் சம்பளத்துக்குத் தங்கி வரையப் போனார். அங்கேயே தூக்கிட்டுக்கொண்டார். வயது நாற்பதை ஒட்டி. சாவின் காரணங்களை அலச நான் வரவில்லை. அந்த ஏற்பாட்டைப் பாருங்கள். பாரீஸில் தொங்கிய ஓவியர், பன்னிரண்டு வருஷங்கள் கழித்து, வேறு தேசத்தில் மாதக்கூலிக்கு உட்கார்ந்து படம் போட்டுத் தருபவராகப் போகிறார். அவர் தலைமுறை நகரத்து ஓவியர்களில் அவ்வளவு பெயர் எடுத்த எவரும் அப்படிப் போகவேண்டியிருக்காது. சந்தைக்குத் தேவைப்பட்டது ஜன்கர் அல்ல, கோண்டு கை ஒன்று.

இப்போது அந்தக் கைக்கு அரசு முத்திரையும் கிடைத்துவிட்டது. 2023இல் மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு. டார்ஜிலிங் தேயிலைக்கு உண்டு, காஞ்சிபுரம் பட்டுக்கு உண்டு, ஓவியத்துக்கும் உண்டு. வரைகிறவர்களுக்கு நாலு காசு கூடுதலாகக் கிடைக்குமானால் நான் யார் வேண்டாமென்று சொல்ல? ஆனால் தேயிலையின் மணம் மண்ணிலிருந்து வருகிறது என்பதால்தான் அந்தக் குறியீடு. ஓவியத்துக்கு அதைக் கொடுத்தால், படம் மனிதரிடமிருந்து அல்ல, மண்ணிலிருந்து முளைக்கிறது என்று சட்டப்படி ஒப்புக்கொள்கிறோம். அம்பாதாஸின் ஓவியத்துக்கு விதர்பக் குறியீடு கொடுப்பார்களா?

2013இல் அதே ஷியாம்லா குன்றில் பழங்குடி அருங்காட்சியகம் என்று ஒன்று தனியாகத் திறந்தார்கள். பிரம்மாண்டம். குடிசைகள், மரங்கள், தெய்வங்கள் எல்லாம் ஆளுயரத்துக்கு மேல். செய்தவர்களும் பழங்குடிக் கலைஞர்களே. பல இடங்களில் கைத்திறன் அசத்துகிறது. கூட்டம் அள்ளுகிறது. குழந்தைகள் ஓடுகின்றன. ஆனால் சுவாமிநாதன் எதை மறுத்தாரோ அது அங்கே வெற்றிகரமாக நிறுவப்பட்டுவிட்டது. அவர் இரண்டு கூடங்களை ஒரே கூரைக்குக் கீழாவது வைத்திருந்தார். இப்போது கூரையும் இரண்டு.

சரி, விமர்சனம் வேண்டும் என்கிற நான் ஆரம்பித்து வைக்கிறேன். ஜன்கரின் பலம் அவர் நிரப்பியதில் இல்லை. நிரப்பாமல் விட்டதில் இருக்கிறது. மானோ பாம்போ தெய்வமோ காகிதத்தின் நடுவே, தரையில்லாமல், பின்னணியில்லாமல், பக்கவாட்டில் நிற்கிறது. உடம்புக்குள் புள்ளியும் கோடும் பிறைக் கீற்றுகளும் நெரிசலாக ஓடுகின்றன. விளிம்பில் சட்டென்று நின்றுவிடுகின்றன. வெளியே வெறும் வெள்ளை. சுவருக்கு அந்த வெறுமை கிடையாது. சுவரின் வெறுமை சுவர்தான். காகிதத்தின் வெறுமையைக் கண்டுகொண்டவர் அவர், பாட்டின் நடுவே பாணன் விடுகிற மூச்சு போல. பின்னாளைய மைப்பேனாப் படங்கள் சிலவற்றில் கோடு பழக்கமாகிவிடுகிறது. கை ஓடுகிறது, கண் கூடவே ஓடவில்லை. அவர் வழி வந்தவர்களில் பெரும்பாலோர் பின்னணியையும் நிரப்பிவிடுகிறார்கள். ஆளுக்கொரு நிரப்புக் கோலம், அது அவரவர் முத்திரை. வாங்குகிறவருக்கு அடையாளம் காணச் சௌகரியம். பஜ்ஜு ஷியாம் விதிவிலக்கு. லண்டனைப் பார்த்து அவர் வரைந்து, சென்னையின் தாரா பதிப்பகம் 2004இல் புத்தகமாகக் கொண்டுவந்த படங்களில், மணிக்கூண்டு சேவலாகிறது, பூமிக்கடியில் ஓடும் ரயில் மண்புழுவாகிறது. அங்கே கோலம் வேலை செய்கிறது. சங்கிலி போல அவர் கோர்க்கும் கோடு உருவத்தை அலங்கரிக்காமல் உருவம் மாறுவதற்கு வழிவிடுகிறது. ஆனால் அந்தப் புத்தகத்திலேயே சில பக்கங்கள் வெறும் வேடிக்கையோடு நின்றுவிடுகின்றன என்பதும் என் எண்ணம்.

இது தப்பு என்று நண்பர் சொல்லலாம். சொல்லட்டும். ஆனால் எந்தப் படத்தில், எந்தக் கோட்டில் நான் தவறாகப் பார்த்தேன் என்று காட்டிச் சொல்லட்டும்.