உறைய வைத்தாயிற்று, எழுப்புவது எப்போது?

விண்டோஸில் ஹைபர்னேட் என்று ஒரு வசதி உண்டு. திறந்திருக்கும் பைல்கள், புரோகிராம்கள் எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதிவிட்டு கம்ப்யூட்டர் அணைந்துவிடும். மறுபடி பட்டனை அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

மனிதனையும் இப்படி நிறுத்தி வைக்க முடியும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த முறைக்கு கிரையோனிக்ஸ் என்று பெயர். இறந்தவரின் உடலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸில், திரவ நைட்ரஜனில் வைத்து விடுவார்கள். அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் பெட்ஃபோர்டின் உடல் 1967 முதல் இப்படி இருக்கிறது. இதுவரை ஒருவரைக் கூட எழுப்பவில்லை.

இந்த வேகம் எனக்கு எரிச்சல் தருகிறது. 1971ல் இன்டெலின் 4004 சிப் வந்தபோது அதில் 2,300 டிரான்சிஸ்டர்கள்தான். இன்றைய சிப்களில் ஆயிரம் கோடிக்கும் மேல். அதே 1971ல்தான் எங்கள் வேலூர் சி.எம்.சி.யில் கிட்னி மாற்று ஆபரேஷன் வெற்றிகரமாக நடந்தது. அன்று முதல் இன்று வரை, தானமாகக் கிடைக்கும் கிட்னி பெரும்பாலும் ஐஸ் பெட்டியில்தான் பயணம் செய்கிறது. ஏறத்தாழ ஒன்றரை நாள் தாங்கும். இதயம் என்றால் நான்கு முதல் ஆறு மணி நேரம்தான்.

ஏன் இத்தனை தாமதம்? ஆம்பூர் தோல் மண்டியில் பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டு அடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு ஈரத்தை இழுத்துவிடும், தோல் அழுகாது. ஆனால் அந்தத் தோல் மறுபடி உயிர் பெற வேண்டியதில்லை. கிட்னி மறுபடி வேலை செய்ய வேண்டும். உறையும்போது உள்ளே உருவாகும் பனித் துகள்கள் செல்களைக் கிழித்துவிடும். அதைத் தடுக்கும் மருந்துகள் அளவு மீறினால் நஞ்சாகும். மீண்டும் சூடாக்கும்போது ஒரே சீராகச் சூடேறாவிட்டால் உறுப்பு விரிசல் விடும்.

2023ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தினர் எலியின் கிட்னிகளை 100 நாட்கள் வரை உறைய வைத்து, நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்களின் உதவியால் சீராகச் சூடாக்கி, வேறு எலிகளுக்குப் பொருத்தினார்கள். அவை வேலை செய்தன. மனித உறுப்பில் இது இன்னும் நடக்கவில்லை.

பேக்கப் எடுத்தால் போதாது, ரீஸ்டோர் ஆகிறதா என்றும் சோதித்துப் பாருங்கள் என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்குச் சொல்கிறோம். கிரையோனிக்ஸ் என்பது ரீஸ்டோர் சோதிக்கப்படாத பேக்கப். எனவே பணமும் மூளையும் முதலில் ஒற்றை உறுப்பைக் காப்பதற்குப் போகட்டும் என்பது என் கருத்து. அதில் பலித்ததா இல்லையா என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும். முழு உடலுக்கான வழியும் அதன் வழியாகத்தான்.

எனக்குத் தெரிந்த ஒருவர் டயாலிசிஸுக்காக வாரம் மூன்று நாள் ஆம்பூரில் பஸ் ஏறுகிறார். பொருத்தமான கிட்னி கிடைக்கும்வரை அவர் காத்திருக்கிறார். கிட்னியும் அவருக்காகச் சில மாதங்கள் காத்திருக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!